பெயரை அனுப்பினால் போதுமா? கௌரவ அகாடமிக்கு முன்மொழிதல்: வாசகர் கேள்வி பதில்

மக்களோடு சேர்ந்து ஆய்வு செய்யும் அறிஞர்களைக் கௌரவ உறுப்பினர்களாக ஏற்கும் அகாடமிகள் உண்டு. வட அமெரிக்காவில் இயங்கும் சமூக ஈடுபாட்டுப் புலமை அகாடமி அவற்றில் ஒன்று. இவற்றில் சேர யாராவது முன்மொழிய வேண்டும், ஆவணங்கள் தர வேண்டும், மதிப்பீட்டுக் குழு படித்துத் தேர்வு செய்ய வேண்டும். தகுதியுள்ளவர்கள் பலர் விடுபட்டுப் போவதற்கு அவர்களுடைய பணியில் குறை இருப்பதில்லை, அந்தப் பணியைச் சொன்ன தாளில்தான் குறை இருக்கிறது. அது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்கள் துறையில் ஒருவர் இருபது ஆண்டுகளாக மக்களுக்காக உழைக்கிறார். மருத்துவ முகாம், மாலை வகுப்பு, மரம் நடுதல் என்று எதிலும் முன்னால் நிற்பார். அவரை முன்மொழிய இது போதாதா?

பதில்: போதாது. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அகாடமி தேடுவது வேறு. சேவைக்கு வேறு விருதுகள் இருக்கின்றன. இங்கே தேவை, மக்களோடு சேர்ந்து உண்டாக்கிய அறிவு.

மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அந்த வேலையிலிருந்து இதுவரை தெரியாத எது தெரிய வந்தது? அதைக் கண்டுபிடித்ததில் மக்களுடைய பங்கு என்ன? வேறோர் ஊரில் வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தும் வடிவத்தில் அது இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் முன்மொழியலாம். மாலை வகுப்பு நடத்தினார் என்பது சேவை. அந்த வகுப்பின் பாடமுறையைப் பெற்றோர்களோடு உட்கார்ந்து உருவாக்கி, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சோதித்து, மற்றவர்கள் எடுத்தாளும்படி எழுதி வைத்திருந்தால் அது புலமை. ஆகவே முகாம்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அவற்றுக்குப் பின்னால் ஏதாவது ஆய்வு இருக்கிறதா என்று அவரிடமே உட்கார்ந்து பேசுங்கள். பல நேரம் இருக்கும். அதை ஆய்வென்று அவரே சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் முன்மொழிவுக் கடிதம் எழுதுவது சுலபம். 1990-இல் அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர், பல்கலைக்கழகங்கள் கண்டுபிடிப்பை மட்டும் புலமையாகக் கருதக் கூடாது என்று வாதிட்டார். கண்டுபிடித்தல், பல துறை அறிவை இணைத்தல், அறிவைப் பயன்படுத்துதல், கற்பித்தல் என நான்கு வகையாகப் புலமையைப் பிரித்தார். சமூக ஈடுபாட்டுப் புலமை என்ற கருத்தையும் பிறகு அவரே முன்வைத்தார். 1997-இல், அவரோடு பணியாற்றிய கிளாசிக், ஹூபர், மேரோஃப் மூவரும் இவற்றை எடைபோட ஆறு அளவுகோல்கள் தந்தார்கள்: தெளிவான நோக்கம், போதிய தயாரிப்பு, பொருத்தமான முறை, குறிப்பிடத்தக்க விளைவு, பிறருக்கு நன்றாகச் சேர்ப்பித்தல், தன் வேலையைத் தானே விமர்சித்துப் பார்த்தல். மதிப்பீட்டாளர்கள் பலர் இந்த ஆறையும் மனதில் வைத்துத்தான் படிக்கிறார்கள். கடிதத்தின் வரைவை எழுதியதும், ஓரத்தில் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு, எந்த வாக்கியம் எதற்குப் பதில் சொல்கிறது என்று குறியுங்கள். அநேகமாக முதல் வரைவில் ஆறாவது காலியாக இருக்கும்.

கேள்வி: எவ்வளவு நாள் முன்னதாகத் தொடங்க வேண்டும்?

பதில்: எட்டு வாரம் இருந்தால் நிம்மதி. ஆறு வாரம் இருந்தால் முடியும். மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் அறிவிப்பை மட்டும் படிக்க வேண்டும், கையில் பேனாவோடு. யார் முன்மொழியலாம், உறுப்பினர்கள் மட்டுமா, எவரும் செய்யலாமா? தன்னைத்தானே முன்மொழிய அனுமதி உண்டா? ஓய்வு பெற்றவர்களை ஏற்பார்களா? எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும்? எத்தனை கடிதம், எத்தனை பக்கம்? ஒரே நிறுவனத்திலிருந்து எத்தனை பேர்? தேர்வானவர் விழாவுக்கு நேரில் வர வேண்டுமா, உறுப்பினர் கட்டணம் உண்டா? கடைசி இரண்டையும் யாரும் முதலில் கேட்பதில்லை. தேர்வான பிறகு தெரிந்து சங்கடப்படுகிறார்கள்.

இரண்டாவது வாரத்துக்குள் ஆதரவுக் கடிதம் தருபவர்களிடம் சம்மதம் கேட்டுவிட வேண்டும். தாமதம் வருவது அங்கேதான். உங்கள் கடிதத்தை மூன்று, நான்காவது வாரங்களில் எழுதி, ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்து, பிறகு திருத்துங்கள். ஏழாவது வாரம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, முரண்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கடிதத்தில் திட்டம் 2011-இல் தொடங்கியது என்றும், சமூக அமைப்பின் கடிதத்தில் 2013 என்றும், சி.வி.யில் 2012 என்றும் இருந்தால், மூன்றும் ஏதோ ஒரு விதத்தில் சரியாகவே இருக்கலாம். படிப்பவருக்கு அது தெரியாது.

கேள்வி: முன்மொழிவுக் கடிதத்தை எப்படி எழுதுவது? இரண்டு பக்கத்துக்குள் எல்லாச் சாதனையையும் அடக்க முடியவில்லை.

பதில்: அடக்க வேண்டாம். எல்லாவற்றையும் சொல்ல சி.வி. இருக்கிறது. கடிதத்தில் இரண்டு பணிகள் போதும், மிஞ்சினால் மூன்று. எட்டுத் திட்டங்களை ஒவ்வொரு வரியாகச் சொன்ன கடிதம், படித்து முடித்ததும் ஒன்றுகூட நினைவில் நிற்காது.

எங்கும் பார்க்கக் கிடைக்கும் ஒரு பத்தி இது: "இவர் சமூக அக்கறை மிக்கவர். பல்வேறு அமைப்புகளுடன் இணைந்து எண்ணற்ற திட்டங்களைச் செயல்படுத்தி, மக்களின் வாழ்வில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியுள்ளார்."

இதில் ஆண்டு இல்லை, எண் இல்லை, யாரோடு என்பது இல்லை, என்ன தெரிய வந்தது என்பதும் இல்லை. பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கும் பொருந்தும். இப்போது, கற்பனையாக ஒரு நீர் ஆய்வாளரை வைத்து இதையே எழுதிப் பார்ப்போம்:

"கிணற்று நீரில் ஃபுளோரைடு அளவை ஆண்டுக்கு ஒரு முறை எடுப்பதுதான் இவருடைய முதல் திட்டம். கோடையில் தண்ணீரின் சுவையே மாறிவிடுகிறது என்று தண்ணீர் எடுக்கும் பெண்கள் ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். இவர் திட்டத்தை மாற்றி, மாதம் ஒரு முறை மாதிரி எடுக்க முடிவு செய்தார். பயிற்சி பெற்ற 12 பெண்கள் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். 40 கிணறுகளில் 9 கிணறுகள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவைக் கோடை மாதங்களில் மட்டும் தாண்டின. முதல் திட்டத்தின்படி மழைக்காலத்தில் ஒரே முறை எடுத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. ஆய்வுக் கட்டுரையில் அந்தப் பெண்களின் குழுவும் ஆசிரியராக இடம்பெற்றது. மாதிரி எடுக்கும் கையேடு இப்போது வேறு இரண்டு இடங்களில் பயன்படுகிறது."

இந்த அளவில் ஃபுளோரைடுக்குத் தனிச் சுவை கிடையாது. கோடையில் நீர் வற்றி உப்புகள் கூடியதைத்தான் நாக்கு காட்டிக்கொடுத்தது. ஆய்வாளர் அதைக் காதில் வாங்கி, மற்றதும் கூடியிருக்குமோ என்று சந்தேகப்பட்டார். மக்களுடைய அறிவு ஆய்வின் போக்கையே திருப்பிய அந்தத் தருணம்தான் முழுக் கடிதத்துக்கும் உயிர். நீங்கள் முன்மொழிபவரின் பணியிலும் அப்படி ஒரு திருப்பம் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். கிடைக்கவே இல்லை என்றால், அது மக்களோடு செய்த ஆய்வா, மக்களை வைத்துச் செய்த ஆய்வா என்று யோசிக்க வேண்டியதுதான்.

வினைச்சொற்களைக் கவனியுங்கள். மக்களுக்குத் தகவல் சொன்னார், மக்களிடம் கருத்துக் கேட்டார், மக்களோடு சேர்ந்து முடிவெடுத்தார், முடிவை மக்களிடமே விட்டார். நான்கும் வேறு வேறு படிகள். அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டியதும் இதற்காகத்தான். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அந்த ஏணியில் பாதிக்குக் கீழேயோ பாதியிலேயோ நின்றுவிடுகிற படிகள். கருத்து மட்டும் கேட்டதை 'கூட்டாக முடிவெடுத்தார்' என்று எழுதாதீர்கள். அடுத்த கடிதத்தில் சமூக அமைப்பே அதைப் பொய்யாக்கிவிடும்.

கடிதத்தின் முதல் பத்தி நான்கைந்து வரிதான்: யார், எந்தத் துறை, எந்த மக்களோடு, என்ன புது அறிவு. நடுவில் அந்த இரண்டு பணிகள். பிறகு, அவரால் மற்றவர்கள் எப்படி வளர்ந்தார்கள்: பயிற்சி பெற்ற இளைய ஆய்வாளர்கள், அவர் முயற்சியால் நிறுவனத்தின் பதவி உயர்வு விதியில் இத்தகைய ஆய்வுக்குக் கிடைத்த இடம், அப்படி. கடைசிப் பத்தியில், உறுப்பினரான பிறகு அகாடமிக்கு என்ன செய்வார் என்று சொல்லுங்கள். இளையவர்களுக்கு வழிகாட்டுவது, மதிப்பீட்டுப் பணி, கொள்கைக் குறிப்பு எழுதுவது என உறுப்பினர்களிடம் வேலையை எதிர்பார்க்கிற அகாடமிகள் இந்தப் பத்தியைத் தேடிப் படிப்பார்கள்.

எழுதி முடித்ததும் பெயரடைகளை எல்லாம் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். மீதி நிற்பதுதான் உங்கள் கடிதம்.

கேள்வி: சமூக அமைப்பிடமிருந்தும் ஒரு கடிதம் கேட்கிறார்கள். அதன் தலைவியான அம்மாவுக்கு இப்படிக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நாங்களே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். முழுத் தொகுப்பிலும் அதிக எடை உள்ள தாள் இதுதான். அதை நீங்கள் எழுதினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். 'பரஸ்பர நன்மை பயக்கும் கூட்டாண்மை' என்று எந்தக் குடியிருப்போர் சங்கத் தலைவியும் பேச மாட்டார். உங்கள் கடிதத்தின் வாக்கியமே அவர் கடிதத்திலும் வந்தால் இரண்டின் மதிப்பும் போய்விடும்.

அவருக்கு உதவ நேர்மையான வழி இருக்கிறது. இது என்ன அமைப்பு, கடிதம் யார் கைக்குப் போகும், எப்போது வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கூடவே நான்கு கேள்விகள். இவர் வருவதற்கு முன் உங்கள் பிரச்சினை என்னவாக இருந்தது? எதை ஆராய்வது என்று முடிவெடுத்தது யார்? இப்போது உங்களால் செய்ய முடிகிற, முன்பு முடியாதிருந்த ஒரு விஷயம் எது? எதில் இவரோடு ஒத்துப்போகவில்லை, அதை எப்படித் தீர்த்தீர்கள்?

எழுதச் சிரமம் என்றால் பேசச் சொல்லுங்கள். அவர் சம்மதத்தோடு பதிவு செய்து, முன்மொழிபவரோ முன்மொழியப்படுபவரோ அல்லாத மூன்றாம் நபர் ஒருவர் சொன்னபடியே எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, திருத்தச் சொல்லி, பிறகு கையெழுத்து. இப்படி எழுதப்பட்டது என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவர் தன் மொழியில் சொல்லியிருந்தால் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே அனுப்புங்கள், மொழிபெயர்த்தவர் யார் என்பதோடு. விதியில் கேட்காதவரை முத்திரைத்தாள், அச்சிட்ட முகவரித்தாள் எதுவும் தேவையில்லை.

நான்காவது கேள்வியைக் கண்டு பயப்படாதீர்கள். "முதல் வருஷ முடிவை எங்களிடம் காட்டாமலே மாநாட்டில் பேசிவிட்டார். நாங்கள் கேட்டோம். அடுத்த வருஷத்திலிருந்து முதலில் எங்கள் கூட்டத்தில்தான் காட்டுகிறார்" என்று ஒரு கடிதம் சொன்னால், பத்துப் பாராட்டுக் கடிதங்கள் தராத நம்பிக்கையை அது தரும். தன் வேலையைத் தானே விமர்சித்துப் பார்த்தல் என்ற ஆறாவது அளவுகோலுக்கான சான்றும் அதிலேயே இருக்கிறது.

யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். அந்த ஆய்வுத் திட்டத்தின் பணத்தில் சம்பளம் வாங்குகிறவரால் மறுத்துப் பேச முடியாது. மறுக்கும் சுதந்திரம் உள்ளவரின் கடிதத்துக்கே மதிப்பு. அவர் செலவிடும் நேரமும் நேரம்தான். ஆறு வாரம் முன்பே கேளுங்கள். தேர்வானாலும் ஆகாவிட்டாலும் முடிவை அவரிடம் நேரில் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் முன்மொழிபவருடைய கட்டுரைகளுக்கு மேற்கோள் எண்ணிக்கை (மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டிய தடவைகள்) குறைவு. இது பாதகமா?

பதில்: எண்ணிக்கையை மட்டும் சொல்லி விட்டுவிட்டால் பாதகம். இத்தகைய ஆய்வின் பயன் கட்டுரை உலகத்துக்கு வெளியே அதிகம் தெரியும். இதழின் தாக்கக் குறியீட்டை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை, வைத்துத் தனிமனிதரை எடைபோடக் கூடாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனமே சொல்கிறது.

வெளியே உள்ள சான்றுகளைத் திரட்டுங்கள். இவருடைய ஆய்வைக் குறிப்பிடும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, இவர் தரவை எடுத்தாண்ட அரசாணை, வேறிடத்தில் பயன்படுத்தப்படும் கையேடு, மக்கள் அமைப்பு தானாகவே தொடர்ந்து நடத்தும் கணக்கெடுப்பு. ஒவ்வொன்றுக்கும் தேதியும் ஆவணத்தின் பெயரும் எழுதுங்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. 'இவருடைய ஆய்வால் கொள்கை மாறியது' என்று எழுதிவிடுகிறார்கள். ஆய்வு வெளியானது ஜூன் மாதம், கொள்கை மாறியது அதற்கு முந்தைய மார்ச். நடுவர் தேதியைப் பார்த்ததும் மற்ற எல்லா வரியையும் சந்தேகிக்கத் தொடங்குவார். இடைக்கால அறிக்கையை முன்னரே கொடுத்திருக்கலாம். அப்படியானால் அந்த அறிக்கையின் தேதியைச் சொல்லுங்கள். பலர் சேர்ந்து கொண்டுவந்த மாற்றத்தில் இவருக்கும் பங்கு உண்டு என்றால், 'பங்களித்தது' என்றே எழுதுங்கள். அது குறைவான சொல் அல்ல.

கேள்வி: வேலையைச் செய்தது ஆறு பேர் கொண்ட குழு. ஒருவரை மட்டும் முன்மொழிவது நியாயமா?

பதில்: குழுவாக ஏற்கும் வழி இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால், அந்த ஒருவர் செய்ததைத் துல்லியமாகப் பிரித்துச் சொல்வதே நியாயம். ஆய்வுக் கட்டுரைகளில் யார் எதைச் செய்தார்கள் என்று குறிக்க 'கிரெடிட்' என்ற 14 பங்களிப்புகளின் பட்டியல் பயன்படுகிறது: கருத்தாக்கம், முறை, தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு, மேற்பார்வை என்று போகும். அந்தப் பட்டியலை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மக்களோடு செய்த ஆய்வில் அதில் இல்லாத வேலைகளும் உண்டு. நம்பிக்கையைச் சம்பாதித்தது, தகராறைத் தீர்த்தது, முடிவுகளை மக்கள் மொழியில் திருப்பிச் சொன்னது. அவற்றையும் பெயர் சொல்லிச் சேருங்கள். குழுவில் மற்றவர்களின் பெயரையும், அவர்கள் சம்மதத்தோடு, கடிதத்தில் குறிப்பிடுங்கள். பிறர் பங்கைச் சொல்வதால் இவருடைய பங்கு குறைந்துவிடாது.

கேள்வி: முன்மொழிகிறோம் என்று அவரிடமே சொல்லலாமா?

பதில்: ரகசியம் காக்கச் சொல்லி விதியில் இருந்தால் தவிர, சொல்லியே ஆக வேண்டும். சி.வி. அவரிடம்தான் இருக்கிறது, மக்கள் தரப்பில் யாரைக் கேட்கலாம் என்பதும் அவருக்குத்தான் தெரியும். ஆனால் ஆதரவுக் கடிதங்களை அவர் கண்ணில் காட்டாதீர்கள்.

கேள்வி: சி.வி. 38 பக்கம் இருக்கிறது. அப்படியே அனுப்பலாமா?

பதில்: வரம்பு சொல்லாவிட்டாலும் எட்டுப் பத்துப் பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். மக்களோடு செய்த பணிகளை முன்னால் எடுத்து வைத்து, கூட்டாளி அமைப்பின் பெயர், காலம், நிதியில் எவ்வளவு மக்கள் அமைப்புக்குப் போனது ஆகியவற்றைக் குறியுங்கள். கடைசி விவரம் பலர் நினைப்பதைவிட அதிகம் பேசும். மக்கள் எழுத்தாளராக இடம்பெற்ற வெளியீடுகளுக்கு உடுக்குறி (*) போடலாம்.

கேள்வி: கடிதத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கினால் என்ன?

பதில்: எழுத்துப் பிழை பார்க்க, பக்கத்தைக் குறைக்க வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன், அகாடமி அனுமதிக்கிறதா என்று விதியைப் பாருங்கள். மக்களின் பெயர், உடல்நல விவரம் உள்ள தாள்களை அதில் ஏற்றாதீர்கள். அந்தத் திருப்பம், அந்தக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது, செயலிக்குத் தெரியாது.

கேள்வி: போன முறை தேர்வாகவில்லை. அதே தொகுப்பைத் திரும்ப அனுப்பலாமா?

பதில்: திரும்ப முன்மொழியலாமா என்றும், கருத்துரை தருவார்களா என்றும் முதலில் கேளுங்கள். தந்தால், அதில் எந்த அளவுகோலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். 'இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம்' என்பது பெரும்பாலும் நீளத்தைப் பற்றியது அல்ல, சான்று போதவில்லை என்பதைப் பற்றியது. பழைய ஆதரவுக் கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றுவது கூடவே கூடாது. எழுதியவரிடம் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதை அவரே சேர்ப்பார்.

அனுப்பும்போது இன்னொன்று. எல்லாத் தாளையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக, அவர்கள் கேட்ட வரிசையில் சேர்த்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்துருவைக் கோப்பிலேயே பதிக்காவிட்டால் மக்கள் தரப்புக் கடிதம் அங்கே வெறும் கட்டங்களாகத் தெரியும். இணைய இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிச் சோதியுங்கள். கடைசி நேரம் எந்த நாட்டு நேரப்படி என்று பார்த்துக்கொண்டு, இரண்டு நாள் முன்பே ஏற்றிவிட்டு, கிடைத்தது என்ற மின்னஞ்சல் வரும்வரை காத்திருங்கள். வரவில்லை என்றால் விசாரிக்க அந்த இரண்டு நாள் கையில் இருக்கும்.